ஊரிலிருந்து வந்த மனைவியர்: நம் குடும்பங்களைச் சேர்த்துவைத்த காகிதங்களின் வரலாறு

அல்ஹம்துலில்லாஹ். நமது சங்கம் 50 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்த வேளையில், கட்டடம் எழும்பிய கதையையும் தலைவர்களின் சேவையையும் மதரஸாவின் வளர்ச்சியையும் மற்றவர்கள் இம்மலரில் எழுதுவார்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டது அதிகம் பேசப்படாத ஒரு வரலாறு.

கோலா சிலாங்கூர், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணாம் என்று பரந்து கிடக்கும் நம் குடும்பங்களில் பாட்டியோ, தாயோ, மனைவியோ, மருமகளோ, யாராவது ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்தவராக இருப்பார். அவரை இங்கே கொண்டுவந்து சேர்க்கவும், சேர்த்தவரைச் சட்டப்படி தங்கவைக்கவும் ஒவ்வொரு தலைமுறையும் மனு எழுதியது, போரம் நிரப்பியது, சாப்பு வாங்கியது, வரிசையில் நின்றது. பெரும்பாலான வீடுகளில் இந்த வேலையை வக்கீல் செய்யவில்லை. தோட்டத்துக் கிராணி செய்தார், மளிகைக் கடைக்காரர் செய்தார், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் செய்தார், பிற்பாடு அந்தப் பெண்ணின் பிள்ளைகளே செய்தார்கள்.

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரு பாடம் தெளிவாகத் தெரிகிறது. சட்டம் அடிக்கடி மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும், நிக்காஹ்வுக்கு முறையான பதிவு வைத்திருந்த குடும்பத்தால் அதைத் தாண்ட முடிந்தது. “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று பதிவைத் தள்ளிப்போட்ட குடும்பத்தில் மனைவியும் பிள்ளைகளும்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

காகிதம் கேட்காத காலம்

நம் வட்டாரம் தோட்டங்களால் உருவான வட்டாரம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டு பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கப்பட்டது. பெயரைச் சொன்னாலே தமிழ் ஒலிக்கும் தோட்டம் அது. பால்மரக் காடுகளிலும் செம்பனைக் காடுகளிலும் வேலை செய்ய கங்காணிகள் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைக்கும் குடும்பங்கள் தோட்டத்துக்குத் தேவைப்பட்டதால், லயங்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோரின் நிலை வேறு. இராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களிலிருந்து கடை வைக்கவும், கடையில் வேலை பார்க்கவும், துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டி லயம் லயமாக விற்கவும் நம் முன்னோர் தனி ஆளாக வந்தார்கள். மனைவி ஊரிலேயே இருந்தார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறிப் போய்ச் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். இப்படிப் போய்வரும் ஆணைச் ‘சபராளி’ என்று நம் கடற்கரை ஊர்களில் சொல்வார்கள். ஊரிலே காத்திருந்த பெண்ணுக்குத் தனியாக ஒரு பெயர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் இந்தியாவும் மலாயாவும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்தன. 1933-இல் வந்த அந்நியர் சட்டம் பிரிட்டிஷ் பிரஜைகளான இந்தியர்களைத் தொடவில்லை. 1938-இல் தோட்டத் தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. ஆனால் சொந்தச் செலவில் கப்பலேறும் வியாபாரிக்கும் அவர் மனைவிக்கும் பெரிய தடை இருக்கவில்லை. டிக்கெட் எடுத்தால் வரலாம், நோய்த்தடுப்பு முகாமைத் தாண்டினால் ஊருக்குள் போகலாம். மனைவியை அழைத்து வராததற்குக் காரணம் சட்டமல்ல, செலவும் வழக்கமும்தான்.

அந்த வழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதை யுத்தம் காட்டியது. 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை ஜப்பானியர் ஆட்சியில் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. கடலுக்கு அந்தப்புறம் இருந்த மனைவிக்குக் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. யுத்தத்துக்குப் பிறகு “இனி குடும்பம் ஒரே இடத்தில் இருக்கட்டும்” என்று நினைத்தவர்கள் கூடினார்கள். கதவு மெல்லச் சாத்தப்பட்டதும் அதே காலத்தில்தான்.

1953: மனைவி என்பதற்குச் சான்று

1948-இல் அவசர காலம் பிறந்தது. அடையாள அட்டையும் அப்போதுதான் வந்தது. பிற்பாடு பிரஜைக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு என்று அட்டையின் நிறமே ஒரு மனிதரின் நிலையைச் சொல்லும் காலம் வந்தது. 1952-இல் இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. புதிதாகப் பிழைக்க வருவோரின் வரவை அது பெரும்பாலும் நிறுத்தியது. ஆனால் இங்கே ஏற்கனவே குடியிருப்பவரின் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வழி விட்டது.

இதன் பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். அதுவரை ‘பயணி’யாக வந்த பெண் அன்றுமுதல் ‘இன்னாரின் மனைவி’யாக மட்டுமே வர முடியும். மனைவி என்பதற்குச் சான்று வேண்டும். நம் ஊர்களில் நிக்காஹ் ஜமாஅத்தின் தஃப்தரில் எழுதப்படும்; மணமகன், வலீ, சாட்சிகள் கையொப்பமிடுவார்கள்; மஹர் தொகை குறிக்கப்படும். அதுவரை ஊர்ப் பள்ளிவாசல் அலமாரியில் கிடந்த அந்த ஏடு முதல் முறையாகக் கடல் கடந்து ஓர் அரசு அதிகாரியின் மேசைக்கு வரவேண்டியதாயிற்று. அதிலுள்ள பக்கத்தை நகலெடுத்து, ஜமாஅத் தலைவர் கையொப்பமும் முத்திரையும் இட்டு, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும்.

இந்தக் கதவு எவ்வளவு குறுகலாம் என்பதற்கு அண்டையிலிருந்த சிங்கப்பூரே சான்று. 1959-இல் அங்கே வந்த விதிகள், 1954 டிசம்பருக்குப் பிறகு ஐந்தாண்டுகள் தொடர்ந்து கணவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவியரின் வரவையும், பிரஜைகளின் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளின் வரவையும் தடுத்தன. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய்வரும் சபராளி வாழ்க்கையை நினைத்தால், இந்த ஐந்தாண்டுக் கணக்கு எந்த வீட்டுக் கதவில் போய் முட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மலாயாவிலும் 1959-இல் புதிய குடிநுழைவுச் சட்டம் பிறந்தது. 1963-இல் மலேசியா அமைந்தபோது விரிவாக்கப்பட்டு, 1959/63 என்ற ஆண்டுக் குறியோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அந்தச் சட்டம்தான்.

யார் எழுதினார்கள்?

சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. நம் மக்களில் பெரும்பாலோருக்குத் தமிழே எழுதப் படிக்கச் சிரமம். ஆனாலும் மனுக்கள் போய்க்கொண்டே இருந்தன.

தோட்டத்தில் கிராணி இருந்தார். சம்பளப் பட்டியல் எழுதிய அதே பேனாவால் அவர் தொழிலாளரின் போரத்தையும் நிரப்பினார். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தபின் அதன் கிளைச் செயலாளர்களும் உதவினார்கள். பட்டணத்தில் கோர்ட்டு வாசலிலும் நில அலுவலக வாசலிலும் தட்டச்சு இயந்திரத்தோடு மனு எழுதுவோர் உட்கார்ந்திருந்தார்கள். சத்தியப்பிரமாணம் வேண்டுமானால் சத்தியப்பிரமாண ஆணையரிடம் போய்க் கையொப்பம் வாங்கலாம். அதற்கென்று 1960-இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. இவையெல்லாம் வக்கீல் இல்லாமலே செய்யக்கூடியவை.

நம்மவர்களுக்கு இன்னொரு இடமும் இருந்தது: கடை. மளிகைக் கடையில் ஊர்க் கடிதம் வந்து சேரும், தமிழ்ப் பத்திரிகை உரக்கப் படிக்கப்படும், ஊருக்குப் போகிறவர் யார் என்ற செய்தி தெரியும். ஒருவர் மனைவியை வரவழைத்துவிட்டால், அவர் கட்டிய கட்டணம், கொண்டுபோன காகிதம், அதிகாரி கேட்ட கேள்வி அத்தனையும் அடுத்த வாரமே கடைப் பலகையில் பேச்சாகிவிடும். அடுத்தவர் அதைக் கேட்டு அதன்படியே செய்வார். நம் சமூகத்தின் சட்ட அறிவு இப்படித்தான் வாய்வழியாகச் சேர்ந்தது. நமது சங்கம் போன்ற அமைப்புகள் பின்னால் செய்ததும் இதே வேலைதான். மேசையும் கடிதத்தாளும் முத்திரையும் மட்டும் கூடின.

1967-ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்துக்குப் பிறகு அலுவலக மொழி மலாய் ஆனது. ஆங்கிலம் தெரிந்த கிராணியின் இடத்துக்கு மலாய்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வந்தார்கள். ஆறாம் வகுப்பு மகன் அம்மாவின் போரத்தை நிரப்பியதும், இடைநிலைப் பள்ளி மகள் அதிகாரியிடம் அம்மாவுக்காகப் பேசியதும் நம் தலைமுறையில் பலருக்கும் தெரிந்த காட்சிகள்.

1969: சிவப்பு அட்டையின் பாரம்

1957-இல் நாடு சுதந்திரமடைந்தபோது குடியுரிமைக்கு மனுச் செய்யும் வழி திறந்தது. செய்தவர்கள் உண்டு, “நமக்கெதற்கு, ஊருக்குப் போகத்தானே போகிறோம்” என்று விட்டவர்களும் உண்டு. தோட்டத்துக்குள்ளேயே வாழ்ந்தவர்களுக்குச் சேதி எட்டாமல் போனதும் உண்டு. பத்தாண்டு கழித்து அதன் விளைவு தெரிந்தது.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜையல்லாதவர் வேலை செய்ய வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது அது. 1969-க்குப் பிறகு அது கண்டிப்பாக அமலானபோது, ஆண்டுக்கணக்கில் பால் வெட்டியவர்கள் சிவப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார்கள். நாடெங்கும் பல்லாயிரம் இந்தியர்கள் கப்பலேறித் தாயகம் திரும்பினார்கள். கணவர் நீல அட்டையும் மனைவி சிவப்பு அட்டையுமாக இருந்த வீடுகளில் ஒரே கூரையின்கீழ் இரண்டு சட்டங்கள் நடந்தன.

இந்த இடத்தில் ஒரு வாசலைக் குறிப்பிட வேண்டும். பிரஜையின் மனைவி பதிவின் மூலம் குடியுரிமை பெற நமது அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு வழி செய்கிறது. மனுவுக்கு முந்திய இரண்டு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும், தொடர்ந்து வாழும் எண்ணம் வேண்டும், நன்னடத்தை வேண்டும் என்பவை அதன் அடிப்படை. அந்த மனுவுக்கும் முதல் காகிதம் திருமணச் சான்றுதான். நிக்காஹ் சான்று இல்லாத பெண்ணுக்கு, வாசல் இருந்தும் சாவி இல்லை.

கப்பலிலிருந்து விமானத்துக்கு

நம் பாட்டிமார் பேச்சில் இன்னும் வரும் பெயர் ரஜூலா. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு தமிழகக் கரைக்கும் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் ஆகியவற்றுக்கும் இடையே நம்மவர்களைச் சுமந்தது. அதன்பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் பலியானதோடு அந்தக் கப்பல் பயணக் காலமே முடிந்தது. பிறகு விமானம்தான்.

விமானம் பயணத்தைச் சுருக்கியது, காகிதத்தைச் சுருக்கவில்லை. ‘விசிட்’டில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் விமானத்தோடுதான் பரவியது. சுற்றுலா அனுமதி மனைவிக்கான அனுமதி ஆகாது. காலம் கடந்து தங்கிய மனைவி சட்டத்தின் கண்ணில் காலம் கடந்து தங்கிய அந்நியர்தான். கணவர் பிரஜை என்பதால் அந்தக் குற்றம் மறைவதில்லை.

பதிவு என்ற கடிவாளம்

முஸ்லிம்களின் திருமணம் மாநிலச் சட்டத்தின்கீழ் வருகிறது. சிலாங்கூரில் 1952-இல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டமும், 1984-இல் இஸ்லாமியக் குடும்பச் சட்டமும், அதன்பின் 2003-இல் இப்போதுள்ள சட்டமும் வந்தன. வெளிநாட்டில் மணமுடிக்கும் சிலாங்கூர்வாசி, மணநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகப் பதிவாளரிடமோ, அதற்குள் திரும்பிவிட்டால் இங்குள்ள பதிவாளரிடமோ பதிய வேண்டும். காலம் கடந்தால் ஷரீஅத் கோர்ட்டில் நிக்காஹ்வை உறுதிப்படுத்தும் மனு வேண்டியிருக்கும். முதல் மனைவி இருக்க, கோர்ட்டு அனுமதியின்றி ஊரில் போய்ச் செய்துகொண்ட நிக்காஹ்வுக்கு இங்கே எளிதில் காகிதம் கிடைக்காது. அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

நம் அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களுக்கும் இதே பாடம் நடந்தது. 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சீர்திருத்தச் சட்டம் அவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. கோயிலில் தாலி கட்டியது போதும் என்று இருந்த தோட்டக் குடும்பங்கள் பிள்ளைகளின் சூராட் பெரானாக் எடுக்கப் போனபோது தடுமாறின.

தமிழ்நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதமானால் மேலும் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு அவகாசம். ஜமாஅத் தஃப்தரோடு அரசுச் சான்றிதழும் இருந்தால் இங்குள்ள அதிகாரிக்கு ஐயம் எழாது.

பதிவு தவறினால் வரும் மிகப் பெரிய நஷ்டம் பிள்ளைக்குத்தான். இங்கே பிறக்கும் குழந்தையின் தாய் அல்லது தந்தை பிரஜையாக இருந்தால் அது பிரஜை என்கிறது அரசியலமைப்பு. ஆனால் பெற்றோரின் திருமணம் சட்டப்படி ஏற்கப்படவில்லையென்றால், குழந்தை தாயின் நிலையைப் பின்பற்றும். தாய் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால், கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் பிறந்து, நம் மதரஸாவில் ஓதி, தேசியப் பள்ளியில் படித்த பிள்ளையின் சூராட் பெரானாக்கில் ‘பிரஜையல்ல’ என்று எழுதப்படும். அடையாள அட்டை எடுக்கும் 12 வயதில்தான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. தந்தை பிரஜையாக இருந்தும், ஆறு மாதத்துக்குள் செய்யாத ஒரு பதிவு மகனின் பன்னிரண்டு ஆண்டுகளைக் கேள்விக்குறியாக்கிவிடுகிறது.

ஒரே ஆளுக்கு மூன்று பெயர்

சட்டத்துக்கு அடுத்தபடியாக நம்மவர்களை அலையவைத்தது பெயர். தமிழ்நாட்டில் பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கும். இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து குடும்பப் பெயர் ஆகும். இங்கே ‘பின்’, ‘பிந்தி’ என்று எழுத வேண்டும். முஹம்மது என்ற ஒரே பெயர் தஃப்தரில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் ஆங்கில எழுத்தில் இருக்கும். பாத்திமா, பீவி, அம்மாள், நாச்சியா என்ற பின்னொட்டுகள் ஒரு காகிதத்தில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. பழைய தலைமுறைப் பெண்கள் வீட்டில் பிறந்தவர்கள். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழ்தான் ஆதாரம், பள்ளிக்கே போகாதவருக்கு அதுவும் இல்லை.

வியாபாரிகளான நமக்கு இது புரியாத விஷயமல்ல. கொள்முதல் ரசீதில் ஒரு பெயரும், டெலிவரி சீட்டில் வேறு பெயரும் இருந்தால் சரக்கை யாரும் இறக்கமாட்டார்கள். அதிகாரியும் அப்படித்தான் பார்க்கிறார். ‘இந்த இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே’ என்ற சத்தியப்பிரமாணம் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதைவிடச் சிறந்தது, நிக்காஹ் எழுதும் அன்று மணமகளின் பாஸ்போர்ட்டையும் மணமகனின் அடையாள அட்டையையும் தஃப்தருக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதச் சொல்வது. இதற்குக் காசு செலவில்லை. ஆலிம்சாவிடம் பணிவாகச் சொன்னால் போதும்.

இன்றைய வரிசை

கட்டணமும் போரமும் மாறிக்கொண்டே இருக்கும். புறப்படுமுன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் வரிசை பெரிதாக மாறவில்லை. அதை இளைய தலைமுறைக்காக இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மாவட்ட இஸ்லாமிய சமய அலுவலகத்தில் திருமண அனுமதி பெறுவது. மணமுன் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் இந்தக் கட்டத்தில் முடியும். இரண்டாவது, ஊரில் நிக்காஹ். ஜமாஅத் சான்றும் அரசுப் பதிவும். மூன்றாவது, அந்தச் சான்றுகளுக்கு இந்திய வெளியுறவு அமைச்சின் சான்றொப்பமும் சென்னை மலேசியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பமும். தமிழில் உள்ளதை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் மாற்றிக்கொள்வது. நான்காவது, ஆறு மாதக் கணக்கு தவறாமல் சிலாங்கூரில் பதிவு.

இந்த நான்கும் முடிந்தபின்தான் குடிநுழைவுத் துறை. முன்பு கோலாலம்பூரிலிருந்த மாநில அலுவலகங்கள், 1978-இல் ஷா ஆலம் மாநிலத் தலைநகரானபின் அங்கே சென்றன. மனைவிக்குரிய நீண்டகாலச் சமூக வருகைப் பாஸுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போக வேண்டும். திருமணச் சான்று, இருவரின் அடையாள ஆவணங்கள், கணவரின் வருமானச் சான்று, முத்திரைத் தீர்வை செலுத்திய ஜாமீன் பத்திரம் ஆகியவை முக்கியம். எல்லாவற்றுக்கும் அசலும் இரண்டு நகலும் எடுத்துக்கொண்டு போனால் இரண்டாம் பயணம் மிச்சமாகும். சபாக் பெர்ணாமிலிருந்து ஷா ஆலம் போய்வர ஒரு நாள் வேலை போய்விடும் என்பது தினக்கூலிக்காரருக்குத்தான் தெரியும்.

பாஸ் முடியும் தேதிக்கு முன்பே புதுப்பிக்க வேண்டும். குறிப்பிட்ட சில ஆண்டுகள் தொடர்ந்து தங்கியபின் நுழைவுப் பெர்மிட்டுக்கு, அதாவது சிவப்பு அட்டைக்கு, மனுச் செய்யலாம். அதன்பின் குடியுரிமை. இரண்டுமே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவைக்கும்.

இவை எதற்கும் வக்கீலோ, ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று சொல்லும் ஏஜெண்டோ தேவையில்லை. ஆனால் வக்கீலே வேண்டாம் என்றும் சொல்லமாட்டோம். கோர்ட்டில் உறுதிப்படுத்த வேண்டிய நிக்காஹ், காலம் கடந்து தங்கிவிட்ட வழக்கு, தலாக், பிள்ளைப் பொறுப்பு, மறுக்கப்பட்ட குடியுரிமை ஆகியவற்றில் சட்டம் தெரிந்தவரின் துணை வேண்டும். வசதியில்லாத பிரஜைகளுக்கு அரசின் சட்ட உதவித் துறை ஷரீஅத் குடும்ப வழக்குகளிலும் உதவுகிறது.

கணவரின் நிழலில்

இந்த வரலாற்றை ஆண்கள்தான் இதுவரை சொல்லியிருக்கிறோம். காகிதத்தின் பாரத்தைச் சுமந்தவர் அந்தப் பெண்.

அவருடைய பாஸ் கணவரின் கையொப்பத்தில் நிற்கிறது. தனி அனுமதி பெறாமல் அவர் வேலைக்குப் போக முடியாது. தமிழ்நாட்டில் பட்டம் பெற்று வந்த மருமகள்கள் இன்று நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை அனுமதி கேட்டு மனுச் செய்யலாம் என்பதே பல கணவர்களுக்குத் தெரியவில்லை. குடியுரிமை கிடைத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், ஏனெனில் இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறகு பெற்ற தாயின் முகம் பார்க்கப் பிறந்த ஊருக்கே விசா எடுத்துப் போகவேண்டும். நமக்கு நீல அட்டை கொண்டாட்டம். அவருக்கு அதில் ஒரு கண்ணீரும் கலந்திருக்கிறது.

கணவர் மௌத்தாகிவிட்டால் நிலைமை இன்னும் கடினம். இத்தா நான்கு மாதம் பத்து நாள். பாஸின் தேதி அதற்குள் முடியலாம். அரசாங்கத்தின் காலண்டர் இத்தாவுக்காக நிற்பதில்லை. அவசியத் தேவைக்காகப் பகலில் வெளியே சென்றுவர மார்க்கத்தில் இடமுண்டு. உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு, மரணச் சான்றையும் பிள்ளைகளின் சூராட் பெரானாக்கையும் எடுத்துக்கொண்டு உடனே குடிநுழைவுத் துறைக்குப் போகவேண்டும். ஜனாஸா நடந்த வீட்டில் அந்தப் பெண்ணின் பாஸ் எப்போது முடிகிறது என்று கேட்பதை ஒரு கடமையாகவே நம் சங்கத்தினர் வைத்துக்கொள்ளலாம்.

எதிர்த் திசையிலும் பார்க்க வேண்டும். நம் மகள் ஊர் மாப்பிள்ளையை மணந்தால், அவருக்கு 15-ஆம் பிரிவின் வாசல் இல்லை. அது மனைவியருக்கு மட்டுமே. நம் மகள் வெளிநாட்டில் பெற்ற குழந்தைக்கும் நீண்ட காலம் தந்தை வழி வந்த குழந்தையைப் போன்ற உரிமை இருக்கவில்லை. இதை மாற்ற மலேசியத் தாய்மார்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2024 அக்டோபரில் அதற்கான அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. சட்டம் இப்படி நல்ல பக்கமும் மாறும். மாறும்போது பயனடையக் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

எழுதிவைத்தல் நமக்குப் புதிதல்ல. அல்-பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் ஏவுகிறது. சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பாதீர்கள் என்கிறது. சில நூறு ரிங்கிட் கடனுக்கே அந்தக் கண்டிப்பு என்றால், ஒரு பெண் தன் ஊரையும் உறவையும் விட்டு நம்மை நம்பி வரும் ஒப்பந்தத்துக்கு எவ்வளவு கண்டிப்பு வேண்டும்!

ஆகவே இப்பொன்விழா ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். பழைய தஃப்தர் நகல், கப்பல் டிக்கெட், சிவப்பு அட்டை, காலாவதியான பாஸ்போர்ட் எதையும் எறிந்துவிட வேண்டாம். தாத்தாவின் பழைய அட்டை பேரனின் மனுவுக்கு ஆதாரமாக வரலாம். அசலை வீட்டில் பத்திரப்படுத்தி, விரும்புவோர் நகலைச் சங்கத்தில் கொடுத்துவைத்தால் அது வருங்காலத்துக்கு வரலாறாகவும் இருக்கும், வழிகாட்டியாகவும் இருக்கும். பதிவு இன்னும் முடியாத தம்பதியர் வெட்கப்படாமல் முன்வரட்டும்; துணைக்கு வரச் சங்கத்தில் ஆள் உண்டு. அடுத்த முகூர்த்தம் குறிக்கும் வீட்டார், மண்டபம் பார்க்குமுன் மாவட்டச் சமய அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வரட்டும்.

கடல் கடந்து வந்து நம் அடுப்பை எரியவைத்து, நம் பிள்ளைகளுக்குக் கலிமாவும் தமிழும் சொல்லிக்கொடுத்த அந்தத் தாய்மார்கள் அனைவருக்கும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. அவர்களில் மறைந்தோரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.